அம்மாவின் நம்பரை வெட்டாதவர்

ஆம்ப்ரோஸ் கேட்ஸ், ஹோசியா டாலிக்குத் தரவேண்டியது இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது டாலர். ஹோசியா ஒரு நம்பரில் நாலரை டாலர் கட்டியிருந்தான், ஒன்றுக்கு ஐநூறு விழுந்தது. கணக்கில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆம்ப்ரோஸுக்கும் இல்லை. கொடுப்பதற்குத்தான் அவரிடம் பணமில்லை.

டெட்ராய்ட்டின் மேற்குப் பக்கத்தில், பிளெய்ன் தெருவைச் சுற்றி ஐந்தாறு தெருக்களுக்கு ஆம்ப்ரோஸ்தான் நம்பர் முதலாளி. காலையில் அவருடைய பெண்கள் வீடுவீடாக வந்து, காபி ஒரு வாய் குடித்துவிட்டு, நம்பரும் காசும் வாங்கிப் போவார்கள். சாயங்காலம் குதிரைப் பந்தயக் கணக்கிலிருந்து மூன்று இலக்கம் வெளியே வரும், அதைக் கட்டினவனுக்கு ஒன்றுக்கு ஐநூறு. சட்டப்படி குற்றம்தான். அதைப் பார்க்க வேண்டிய போலீஸ்காரர்களுக்கு மாதாமாதம் போக வேண்டியது போய்க்கொண்டிருந்தது. ஆனால் கறுப்பனுக்கு எந்த வங்கியும் கடன் தராத ஊரில், ஆம்ப்ரோஸ் கொடுத்த காசில் தெருவில் ஒரு முடிதிருத்தும் கடை திறந்தது, இரண்டு பேர் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், எத்தனையோ பேருக்குச் சவப்பெட்டி வாங்கினார்கள். விழுந்தால் கேட்ஸ் கொடுப்பார் என்ற பேச்சுதான் அவருடைய முதல். அவருக்கு வேறு முதல் இருந்ததில்லை.

அந்தப் பேச்சுக்குக் கேடு வந்தது அவருடைய அம்மாவின் சாவில்.

லூவெல்லா கேட்ஸ் எண்பத்தெட்டு வயதில் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். அந்தத் தெருக்களில் அவள் கையால் மீன் வறுவல் தின்னாதவன் கிடையாது. கோயில் நிரம்பி வெளியே படியிலும் ஆட்கள் நின்றார்கள். பாதிரியார் அவளுக்குப் பிடித்த பாட்டைப் பாடச் சொன்னார். சுவரில் தொங்கும் பலகையில் பாட்டின் எண்ணை மர இலக்கங்களால் மாட்டியிருந்தார்கள். அறுநூற்று இருபத்தேழு. பாட்டு முடிவதற்குள் எல்லார் கண்ணும் பலகைக்குப் போய்த் திரும்பிவிட்டது. செத்தவர்களின் பாட்டு எண்ணைக் கட்டுவது அங்கே வழக்கம். அழுதுகொண்டேதான் கட்டுவார்கள்.

அடக்கம் முடிந்து கோயில் நிலவறையில் சாப்பாடு. ஆம்ப்ரோஸின் ஆட்களில் மூத்தவளான மிஸ் ஓடெஸா கோழிக்கறி பரிமாறிக்கொண்டு நின்றாள். தட்டை நீட்டினவர்கள் எல்லாம் அவள் காதருகே குனிந்தார்கள்.

"மிஸ் ஓடெஸா, ஒரு தொடைக்கறி. அப்புறம் ஆறு இரண்டு ஏழுல ரெண்டு டாலர்."

"தொடை தீந்துபோச்சு. நம்பர் இருக்கு."

"எனக்கு மூணு டாலர் போடுங்க. பாவம், அந்தம்மா என் கல்யாணத்துக்குக் கேக் செஞ்சு குடுத்தவங்க."

"கேக்குக்கு மூணுதானா? நாலாப் போடு."

ஹோசியா தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். நாலரை டாலர் இருந்தது. வார்ப்பட ஆலையில் அவனுக்கு வேலை. கார் என்ஜினுக்கு இரும்பு ஊற்றுகிற இடம். பதினாறு வருஷமாக இருமினால் கைக்குட்டையில் கறுப்பாக வரும். அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கோவல், அறுபத்தேழாம் வருஷக் கலவரத்துக்குப் பிறகு ஊருக்கு வெளியே போய்விட்ட போலந்துக்காரர், வீட்டை அவனுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டாயிரம் முன்பணம் வேண்டும், மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம். கோடை முடிவதற்குள் இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். ஹோசியா நாலரையையும் மிஸ் ஓடெஸாவின் கையில் திணித்தான்.

ஒரே நம்பரில் ஊர் மொத்தமும் விழுந்தால் முதலாளிகள் அந்த நம்பரை வெட்டுவார்கள். 'இன்றைக்கு இந்த நம்பருக்குப் பாதிதான்' என்று சொல்லி அனுப்புவார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மிஸ் ஓடெஸா கையைத் துடைத்துக்கொண்டு ஆம்ப்ரோஸிடம் போனாள். அவர் கறுப்புக் கோட்டில், தொடாத தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்டர் கேட்ஸ், கூட்டம் மொத்தமும் ஒரே நம்பர்ல நிக்குது. வெட்டிருவோமா?"

"எங்கம்மா நம்பரையா?"

"நம்பர் நம்பர்தான்."

"இன்னும் மண்ணுகூட காயல, ஓடெஸா. அம்மாவைப் பாதி விலைக்கு வித்தவன்னு எனக்குப் பேர் வேணுமா? கட்டட்டும். அவங்களுக்குப் பூ வைக்கிற மாதிரி வைக்கிறாங்க."

அன்று சாயங்காலம் ஆறு இரண்டு ஏழு விழுந்தது.

பிளெய்ன் தெருவில் அழுது முடித்த கையோடு ஆடினார்கள். ஆம்ப்ரோஸ் முதல் வாரத்தில் காரை விற்றார், வீட்டை அடகு வைத்தார், ஒரு டாலர் அரை டாலர் கட்டினவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தார். பெரிய தொகைக்காரர்கள் நாலு பேர் மிஞ்சினார்கள். அதில் பெரியது ஹோசியாவினுடையது. கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன், ஆலையில் சங்கத்து ஆள். அவன் என்ன சொல்கிறானோ அதையே சொல்ல மற்ற மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆம்ப்ரோஸ் ஹோசியாவின் சமையலறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். ஹோசியாவின் மனைவி வெர்லீன் அவருக்கு ஒரு துண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கு அப்பம் வைத்தாள்.

"பிரதர் டாலி, கிறிஸ்துமஸ் வரைக்கும் தவணை குடு. தினமும் வர்ற காசுலருந்து கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிடுவேன். நீ பொறுத்தா மத்த மூணு பேரும் பொறுப்பாங்க."

"கோவல் பொறுக்க மாட்டார், மிஸ்டர் கேட்ஸ்."

"நான் போய் அவர்கிட்டப் பேசறேன்."

"உங்களை அவர் வாசப்படி ஏத்துவாரா?"

ஆம்ப்ரோஸ் அப்பத்தை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "உடனே வேணும்னா ஒரே ஒருத்தன்கிட்டத்தான் இருக்கு. டெல்மார்."

டெல்மாரை எல்லாருக்கும் தெரியும். இருபத்தாறு வயது, ஜூன் மாதத்திலும் தோல் கோட்டு. ஹெராயின் பொடி விற்கிறவன். ஆம்ப்ரோஸ் தன் தெருக்களில் பொடியை விட்டதில்லை. முன்பு ஒருவன் மூலைக்கடையில் விற்றபோது அவனைக் கூப்பிட்டுப் பேசி, பேருந்துக்குக் காசும் கொடுத்து அனுப்பியவர்.

"வட்டி எவ்வளவு கேக்கறான்?" என்று ஹோசியா கேட்டான்.

"வட்டியே வேணாம்ங்கறான். என் நம்பர் தொழிலே வேணுமாம். வீடு வீடாப் போற என் பொண்ணுங்களும் வேணுமாம். எந்தக் கதவைத் தட்டினா யாரு திறப்பா, யாரு கையில எப்பக் காசு இருக்கும்னு அவங்களுக்குத்தானே தெரியும்? அவனுக்கு அது போதும்."

வெர்லீன் தட்டு கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "கிறிஸ்துமஸ்தானே, ஹோசியா. வீடு இது இல்லேன்னா இன்னொண்ணு."

வீடு வாங்கப்போவதை ஹோசியா ஆலையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தான். கூரைக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்றுகூடப் பேச்சு போய்விட்டது. அவன் அப்பா அலபாமாவில் அடுத்தவன் நிலத்தில் பருத்தி எடுத்தே செத்தவர். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் நிலக்காரன் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பான், அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டுவார். ஹோசியாவுக்கு இப்போது தன் எதிரே தொப்பியோடு உட்கார்ந்திருக்கிற மனிதர் நிலக்காரனாகத் தெரிந்தார். அது எப்படி அப்படித் தெரிந்தது என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறான்.

"மிஸ்டர் கேட்ஸ், நான் வெயில்லயும் இரும்புலயும் வெந்து கட்டின காசு. நீங்க யாருகிட்ட வாங்கிக் குடுக்கறீங்கங்கறது என் கவலை இல்ல. விழுந்தா குடுக்கணும். அதானே உங்க தொழில்?"

ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கையில் எடுத்தார். "ஆமா பிரதர். அதான் என் தொழில்" என்று சொல்லி எழுந்தார். அப்பத்தை அவர் ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

நாலு நாளில் பணம் வந்தது. புது நோட்டு, ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது. ஆம்ப்ரோஸ் இரண்டாயிரத்தை மேஜைமேல் வைத்தார்.

"மிச்சம் இருநூத்தம்பது நான் டெல்மார்கிட்ட வாங்கல. உனக்கு வீட்டுக்கு ரெண்டாயிரம்தானே. இருநூத்தம்பது என் கைக்காசுல தருவேன். எப்பன்னு கேக்காத."

ஹோசியா கேட்கவில்லை. வீட்டை வாங்கினான். கூரைக்குப் பச்சை அடித்தான். வெர்லீனின் தம்பி கார்ல்டன், அதே ஆலையில் சுத்தியல் பிடிக்கிறவன், பின்னறைக்குக் குடி வந்தான். நன்றாகப் பாடுவான், நன்றாகக் கிண்டலும் செய்வான். "மச்சான், வீடு உங்க பேர்ல இருக்கு, சரி. சாவி எங்கக்கா கையில இருக்கு. இதுல முதலாளி யாரு?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டு எல்லாரையும் சிரிக்கவைப்பான்.

குளிர்காலத்தில் மிஸ் ஓடெஸா வருவது நின்றது. வழியில் பார்த்தபோது வெர்லீன் காரணம் கேட்டாள்.

"முப்பது வருஷமா ஜனங்க வீட்டுக் காபி குடிச்சிருக்கேன், வெர்லீன். அந்தக் கையால டெல்மாரோட பொடியைக் கொண்டுபோய்க் குடுக்க மாட்டேன்."

அவளுக்குப் பதில் வேறு ஒரு பெண் வந்தாள். காபி வேண்டாம் என்றாள். நம்பர் வாங்கிக்கொண்டாள், பின்கட்டுக் கதவில் நின்று கார்ல்டனிடமும் ஏதோ பேசினாள். முதுகுவலி என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சுத்தியல் பிடிக்கிறவனுக்கு முதுகுவலி வராமல் இருக்குமா என்று ஹோசியாவும் விட்டுவிட்டான். பிறகு கார்ல்டன் திங்கட்கிழமைகளில் வேலைக்கு வராமல் இருந்தான். பிறகு ரேடியோ காணாமல் போனது, வெர்லீனின் கைக்கடிகாரம் போனது. தெருவில் மற்ற வீடுகளிலும் இதே கதைதான். ராத்திரி கதவைத் திறந்து போட்டுத் தூங்கினவர்கள் ஜன்னலுக்குக் கம்பி அடித்தார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன வீடுகளோடு கறுப்பர்கள் விட்டுப்போன வீடுகளும் சேர்ந்தன.

கார்ல்டன் செத்தது குளியலறையில், கையில் ஊசியோடு. ஹோசியா கதவை உடைத்து உள்ளே போனான். அவனே ஓடு பதித்த தரை அது. மைத்துனனைத் தூக்கியபோது கனமே இல்லை. இரும்பு வார்ப்பு அச்சிலிருந்து மண்ணை உதறிக் கொட்டின பிறகு வெறும் சட்டம் கையில் நிற்குமே, அப்படி இருந்தது.

வெர்லீன் ஹோசியாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனும் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, தட்டு துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்:

"கிறிஸ்துமஸ் வரைக்கும்தானே கேட்டாரு அந்த மனுஷன்."

ஹோசியா எழுந்து வெளியே போய் வாசலில் நின்றான். அவன் மனசுக்குள் எத்தனையோ வழக்கு நடத்திப் பார்த்திருக்கிறான். நான் மட்டுமா கேட்டேன்? நான் பொறுத்திருந்தால் டெல்மார் வேறு வழியாக வராமல் போயிருப்பானா? ஊர் முழுக்க வந்ததே, இந்தத் தெருவுக்கு வராமல் இருக்குமா? ஒவ்வொரு வாதமும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வீட்டுக் கதவைப் பொடி தட்டியது அவனே டெல்மாருக்கு ஒப்புக்கொடுத்த கையால்தான் என்ற இடத்தில் எல்லா வாதமும் வந்து நின்றுவிடும்.

அதற்குள் மாநில அரசாங்கமே லாட்டரிச் சீட்டு விற்க ஆரம்பித்திருந்தது. முன்பு குற்றம் என்று பிடித்ததைக் கடையில் வைத்து விற்றார்கள். டெல்மாரை யாரோ ஒரு மதுக்கடை வாசலில் சுட்டுப் போட்டார்கள். அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்தான், அவ்வளவுதான். ஆம்ப்ரோஸ் ஒரு சலவைக்கடையில் வண்டி ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டார்கள்.

அவர் ஒரு சனிக்கிழமை வந்தார். அடகிலிருந்த வீடு போய்விட்டது என்பது அவர் செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு ஒரு காகிதப் பையை நீட்டினார்.

"இருநூத்தம்பது. எண்ணிக்கோ. எல்லாம் சில்லறை நோட்டு, கோவிச்சுக்காத."

"வேணாம் மிஸ்டர் கேட்ஸ்."

"வேணாம்னு சொல்றதுக்கு இது தானம் இல்லப்பா."

"அன்னிக்கு நான் பொறுத்திருக்கணும்." இதைச் சொல்வதற்கு ஹோசியாவுக்கு இத்தனை வருஷமாயிற்று. சொன்ன பிறகு அது சின்னதாக இருந்தது.

ஆம்ப்ரோஸ் தெருவைப் பார்த்தார். எதிர்வரிசையில் எரிந்துபோன இரண்டு வீடுகள் நின்றன.

"நீ கேட்டே. கேக்கறது உன் பாத்தியதை. இல்லைன்னு சொல்ல எனக்கும் வாய் இருந்துச்சு. குடுக்காதவன்னு என்னை நாலு பேர் சொல்லியிருப்பாங்க, ஒரு வருஷம் சொல்லியிருப்பாங்க. என்னால அதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்க முடியல. எங்கம்மாவை மண்ணுல வச்ச அன்னிக்கே அந்தக் கர்வம் எனக்கு வந்துருச்சு. ஒரு வார்த்தை, வெட்டிருன்னு ஓடெஸாகிட்ட சொல்லியிருந்தா... எங்கம்மாவே சொல்லியிருப்பாங்க, 'வெட்டுடா முட்டாளே'ன்னு."

ஹோசியா பையை வாங்கவில்லை. வாங்கினால் அவரோடு சேர்ந்து தானும் கணக்கு முடித்துக்கொண்டதாகிவிடும் என்று கை தயங்கியது. வாங்காவிட்டால் அந்தக் கிழவர் அதை மறுபடியும் சுமந்துகொண்டு படியிறங்க வேண்டும்.

உள்ளேயிருந்து வெர்லீன் வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். ஆம்ப்ரோஸின் கையிலிருந்து பையை வாங்கி, அங்கேயே நின்று, ஒற்றை ஒற்றையாக எண்ணினாள். அவள் எண்ணி முடிக்கும்வரை அவரும் நிமிர்ந்து நின்றார். கார்ல்டனின் சமாதிக்கு இன்னும் கல் வைக்கவில்லை. அவள் அதற்குத்தான் எடுத்துவைப்பாள் என்று ஹோசியாவுக்குத் தெரிந்தது.

"சரியா இருக்கு, மிஸ்டர் கேட்ஸ்" என்றாள். "உங்க கணக்கு தீர்ந்துச்சு."

ஆம்ப்ரோஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். வெர்லீன் புருஷன் பக்கம் திரும்பாமல் பையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.