கோடரிக்காரனின் கேடயம்

...மாட்ட மாட்டேன் லா, நீதான் பக்கத்துல இருக்கியே, எனக்கு எதுக்கு ஷீல்டு, என்று அவர் கேட்டபோது ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார், காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க இந்த ஊர் மோட்டார்சைக்கிள்காரர்கள் எல்லாரும் போடுவதைப்போல, நான் பின்னால் நின்று காலரை இழுத்துச் சரிசெய்தபடி, மாட்டலன்னா வித்துடுங்க, பைய அடைச்சுக்கிட்டு கெடக்கு, என்றேன். இருக்கட்டும் டீச்சர், அது என்ன சோறா கேக்குது? இதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது, ஒரு கணினி விளையாட்டில் வருகிற கேடயத்தைப் பற்றி. இதை யாரிடம் சொல்ல முடியும்? துக்கம் கேட்க வந்தவர்கள், கடைசியா என்னம்மா பேசினாரு, என்று கேட்டார்கள், சாப்பாட்டப் பத்திதான், என்று சொல்லிவைத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சுங்கை வே தொழிற்சாலைக்கு இரவு ஷிஃப்டுக்குப் போகிற வழி, ஃபெடரல் ஹைவேயில் மழை, ஒரு லோரி சறுக்கியது. ஹெல்மெட் வார் பூட்டியபடியே இருந்ததாம். என் கணவர் வேலாயுதம் சாலையில் மிகக் கவனமானவர் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்குத்தான் அது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் நான் தினமும் பார்த்த ஆள் வேறு, திரையில், பாதாளத்தில், வெறும் நெஞ்சோடு அரக்கர் கூட்டத்துக்குள் பாய்கிற ஆள்...

ஒருவர் ஆட வேண்டிய ஆட்டத்தை நாங்கள் இருவராக ஆடினோம். மவுஸ் அவர் கையில், வெட்டுவதும் ஓடுவதும் அவர் பாடு, எண் விசைகள் என் விரலடியில், திரையின் ஓரத்தில் உயிர் இருக்கிற அந்தச் சிவப்பு உருண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அது வடிய ஆரம்பித்ததும் மருந்துக் குப்பியைக் குடிக்கவைப்பதும் என் பாடு. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய கோடரி அவருக்குப் பிடிக்கும், அதைப் பிடித்தால் கேடயம் மாட்ட முடியாது, ஒற்றைக்கை வாள் எடுத்தால்தான் மறு கையில் கேடயம். அதுவும் செத்தால் செத்ததுதான் என்கிற முறையில்தான் ஆடுவோம், வீரன் ஒருமுறை விழுந்தால் அவன் பெயரே அழிந்துபோகும், மறுபடி எழுப்ப வழியில்லை. பயமில்லாம ஆடுறதுக்கு தாயமே ஆடலாமே, என்பார். மருந்து, மருந்து, லெட்சுமி, தூங்குறியா, என்று கத்துவார், குடுத்தாச்சு, கண்ண தொறந்து பாருங்க, என்று நானும் கத்துவேன், மாமியார் அடுப்படியிலிருந்து, ரெண்டு பைத்தியம், என்பார். அந்தக் கேடயம் எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலும்புத் தளபதி ஒருவன் விழுந்த இடத்தில், புத்தம் புதுசு, உறுதி இருபத்து நாலுக்கு இருபத்து நாலு என்று அவரே உரக்கப் படித்தார், படித்துவிட்டுப் பைக்குள் போட்டார், அதோடு சரி...

கருமாதிப் படையலில் மாமியார் அந்த விளையாட்டின் சிடியையும் வைத்துவிட்டார். நாசி லெமாக், கரிபாப், ஒரு டின் பீர், பக்கத்தில் பளபளவென்று அது, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கொழுந்தனார் தம்புசாமி பார்த்துவிட்டுச் சிரித்தார், சிரித்தபடியே கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. அது இல்லாமல் ஆட்டம் திறக்காது. பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம் அதை எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன், சந்தனம் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினேன். எதற்காகத் திறக்கிறேன்? ஆடத்தான் என்று சொல்ல முடியாது, ஆடாமலிருக்கவும் முடியவில்லை, அங்கே கீழே ஏதோ ஒரு தளத்தில் அவர் நிறுத்தின இடத்தில் அந்த வீரன் நின்றுகொண்டிருக்கிறான், நான் போகாவிட்டால் நின்றுகொண்டேதான் இருப்பான். கணினி வெகுநேரம் உறுமியது. திறந்தது. நின்றான், ஒரு மரக்கதவின் முன்னால், கோடரியோடு, வெறும் நெஞ்சோடு, கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ பிறாண்டுகிற சத்தம். இப்போது மவுஸும் என் கையில், விசைகளும் என் கையில். கோடரியோடு கதவைத் திறந்தால் உருண்டையைப் பார்ப்பேனா, அரக்கனைப் பார்ப்பேனா? தனியாக ஆடுகிறவளுக்குக் கேடயம்தான் சரி, மூலையில் முதுகைக் கொடுத்து நின்று, வருகிற அடியைத் தடுத்துத் தடுத்து, ஒருவன் வந்தால் ஒருவனை மட்டும் வெட்டி... அவருக்குப் பிடிக்காத ஆட்டம், கிழவன் ஆட்டம் என்பார். பையைத் திறந்தேன், வாளைக் கையில் கொடுத்தேன், கேடயத்தின் மேல் அம்புக்குறியை வைத்தேன், உறுதி இருபத்து நாலில் ஏழு.

ஏழா? நாங்கள் சேர்ந்து ஆடியபோது ஒரு நாளும் மாட்டவில்லையே. அடி வாங்காமல் கேடயம் தேயாது, பைக்குள் கிடக்கிற பொருள் தேயவே தேயாது, இந்த விளையாட்டில் அது சட்டம். நான் சத்தமாகவே கேட்டிருக்க வேண்டும், பின்னால் முறத்தில் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தார். அவந்தானே அது? மத்தியானம் நீ ஸ்கூலுக்குப் போயிருப்ப, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒக்காந்து ஆடுவான், நான் கோப்பி கொண்டாந்து வைப்பேன், தாம்பாளம் மாதிரி இருக்கே, அதப் புடிச்சிக்கிட்டு ஓரமாவே நிப்பான், கோழி மாதிரி. என்னடா ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிறேன்னா, ஆளில்லம்மா, மருந்து குடுக்க ஆளில்ல, அப்படிம்பான். உன் பஸ்ஸு வர்ற நேரமானா கழட்டி உள்ள போட்டுருவான்... அதையே மாட்டி விடேன் லா, வெறும் ஒடம்போட நிக்கிறான் பாரு.

மாட்டினேன். கதவைத் திறக்கவில்லை. ஏழு என்பது போதாது, ஏழெட்டு அடியைத் தடுத்தால் பூஜ்யம், பூஜ்யமானால் உடைந்து காணாமல் போகும், அப்புறம் அவன் உயிர் என் விரலில், அது எப்போதும் சரியான நேரத்தில் அழுத்தியதா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. ஊருக்குத் திரும்பும் சுருளைப் படித்து மேலே வந்தேன். கொல்லனிடம் கொடுத்தால் ஒரே சொடுக்கில் சரியாகிவிடும், மறுபடி இருபத்து நாலு, புத்தம் புதுசு, நான் தனியாகவே கடைசித் தளம்வரை போகலாம், அவனைச் சாகாமல் கொண்டுபோகலாம். ஆனால் அந்த மத்தியானங்கள்? நான் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஓரமாக நின்று வாங்கின ஒவ்வொரு அடியும் அந்தத் தேய்மானத்தில்தானே இருக்கிறது, வேறெங்கும் இல்லையே. கொல்லன் பட்டறையில் சுத்தியல் சத்தம் அதுபாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மாமியார், என்னவாம், என்ன சொல்றான், என்றார். ஒண்ணுமில்ல அத்தே, நிக்கிறாரு, என்றேன். நான் பக்கத்தில் இருந்தபோது நெஞ்சைத் திறந்துகொண்டு பாய்ந்தாரே, அது பயமில்லாததாலா, அல்லது எனக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்றா? கேடயத்தோடு நின்றிருந்தால் நான் மருந்து கொடுக்கவே தேவையிருந்திருக்காது, பேசாமல் விடைத்தாள் திருத்தப் போயிருப்பேன்... அது அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்துதான் செய்தாரா? நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அத்தனை சாயங்காலமும் நினைத்துக்கொண்டிருந்தேனே.

கொல்லனிடம் கொடுக்கவில்லை. கேடயத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன், கோடரியைக் கையில் கொடுத்தேன், ஊருக்குள்ளேயே நிறுத்திச் சேமித்தேன், ஊருக்குள் எந்த அரக்கனும் வருவதில்லை. அதற்கப்புறம் அந்தக் கணினி போய் வேறு வந்தது, தம்புசாமி ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு சேமிப்பை மட்டும் புதியதற்கு மாற்றிக் கொடுக்கிறார், ஏன் என்று கேட்டதில்லை. எப்போதாவது மத்தியானத்தில் திறப்பேன், ஆடுவதற்கில்லை. பையைத் திறந்து, கேடயத்தின் மேல் அம்புக்குறியை வைத்துப் பார்ப்பேன். ஏழுதான்.