ஆறின என்ஜின்

விடிவதற்குள் வலது தோள்பட்டை அவரை எழுப்பிவிட்டது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கியர்பாக்ஸை நெஞ்சில் தாங்கித் தாங்கி இறக்கிய தோள். பகலில் வேலை மும்முரத்தில் பேசாமல் கிடக்கும்; படுத்தால்தான் பழைய கணக்கையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உட்காரும். வலி பொறுக்காமல் இடதுபக்கம் ஒருக்களித்தார். இடது காது தலையணைக்குள் புதைந்ததும் தலைக்குமேல் சுற்றிய மின்விசிறி சத்தமில்லாமல் போனது. மல்லாந்தார். விசிறி திரும்பி வந்தது. மறுபடி ஒருக்களித்தார். போய்விட்டது. ஆடுகிற பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல தினமும் காலையில் இதை ஒருமுறை செய்து பார்க்காமல் அவரால் எழ முடிவதில்லை.

வலது காது போய் இரண்டு வருஷம் இருக்கும். இருந்த இடத்தில் இப்போது ஒரு இரைச்சல் மட்டும் குடியிருந்தது, டயரில் காற்று கசிவது போல. இடது காதிலும் தடித்த சத்தங்கள்தான் நுழைந்தன. லாரி கேட்கும், இடி கேட்கும், ஆள் எதிரில் நின்று பேசினால் கேட்கும். மெல்லிசான சத்தங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டன. ஒருநாள் பட்டறையில் ஒரு வண்டியின் பெல்ட் கிறீச்சிட, எல்லாத் தலையும் திரும்பியது, அவர் தலையைத் தவிர. அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. அன்றிலிருந்து வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊருக்குள் அவருக்குப் பட்டப்பெயரே 'காது'. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஓடுகிற என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடினார் என்றால், உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பழைய கார் வாங்குகிற யாரும் "காதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கு" என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் வீட்டு அடுப்பே எரிந்தது.

இன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டு நிற்பது வெளியாள் இல்லை. தங்கச்சி புருஷன்.

மாப்பிள்ளை கிடங்கில் மூட்டை தூக்கியவன். முதுகுத்தண்டில் ஒரு வட்டு நழுவி, இனிமேல் ஒரு குடத்தைக்கூடத் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிடங்கு கணக்கை முடித்துக் கையில் கொடுத்ததை அப்படியே ஒரு நடுத்தர சைஸ் செடான் காரில் போட்டு, வாடகைக்கு ஓட்டுவதென்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள். கியர் போட்டுக் கிளட்ச் மிதிக்க முதுகு இடம் கொடுக்காது, அதனால் ஆட்டோமேடிக். வண்டி நல்லதாக அமைந்தால் வீடு ஓடும். என்ஜின் வாயைப் பிளந்தால், பிரித்துப் போட இன்னொரு காசு அவர்கள் வீட்டில் எந்த டப்பாவிலும் கிடையாது.

மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். இறங்கி நடக்கும்போது மாப்பிள்ளைக்கு வாய் ஓயவில்லை. பயம் வந்தால் அவனுக்குக் கிண்டல் வரும்.

"என் முதுகும் ஆட்டோமேடிக் ஆயிடுச்சு மச்சான். அதுவா எங்க வேணும்னாலும் பிடிச்சிக்குது."

"ரிவர்ஸ் விழுதா?"

"நியூட்ரல்தான். எல்லா நேரமும் நியூட்ரல். உங்க தங்கச்சி தள்ளித்தான் நகருது."

"தள்ளாம என்ன பண்றது? விட்டா அங்கயே பார்க்கிங் போட்டுடுவாரு," என்றாள் தங்கச்சி. அவள் அண்ணனின் இடதுபக்கமாக நடந்து வந்தாள். சாலையைக் கடந்து மறுபக்கம் போனபோது ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இடதுபக்கமே வந்து சேர்ந்துகொண்டாள். அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

காரை விற்பவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்றிருந்தார். பின்னால் வண்டி, மழைமேகம் கலரில், குளிப்பாட்டிவிட்ட பிள்ளை மாதிரி பளபளவென்று. அந்தப் பளபளப்பை மெக்கானிக் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் போய் பானட்மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது.

"நீங்க சொன்னபடி இன்னைக்கு சாவியே போடல," என்றார் வங்கிக்காரர்.

"ரொம்ப நல்லது சார்."

அது அவருடைய சட்டம். என்ஜினை ஆறின நிலையில் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸைச் சூடேறின பிறகு பார்க்க வேண்டும். ஆறின என்ஜின் பொய் சொல்லாது. இரவெல்லாம் எண்ணெய் கீழே வடிந்துபோய் இரும்பும் இரும்பும் வெறுமனே உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருப்பின அந்த முதல் சில நொடியில் உள்ளே வால்வுகளை ஓட்டுகிற செயின் தேய்ந்திருந்தால் கிலுங்கும், தளர்ந்த வால்வு தட்டும், எல்லாக் குறையும் வாய்விட்டு வெளியே வரும். எண்ணெய் மேலே ஏறிவிட்டதென்றால் அத்தனையும் வாயை மூடிக்கொள்ளும். கெட்டிக்கார வியாபாரி ஆள் வருவதற்கு முன்பே ஒரு ரவுண்டு ஓட்டி என்ஜினைச் சூடாக்கி வைப்பது அதற்காகத்தான். கியர்பாக்ஸ் அதற்கு நேர் எதிர். பச்சைத்தண்ணியாக இருக்கும்போது சமர்த்தாக இருக்கும்; உள்ளே இருக்கும் எண்ணெய் கொதித்து இளகினால்தான் வழுக்கும், உதறும், சுயரூபம் தெரியும்.

பானட்டைத் திறந்தார். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தில், தண்ணீர் கலந்தால் படிகிற வெள்ளைப் பாலாடை இல்லை. அளவுக்கம்பியில் எண்ணெய் கறுத்திருந்தாலும் மணல் நெருடவில்லை. விரல்கள் இன்னும் அவருக்குத் துரோகம் செய்யவில்லை. கியர்பாக்ஸ் எண்ணெயை மோந்து பார்த்தார். கருகல் வாடை கிடையாது. மூக்கும் இருந்தது.

"மாப்ள, ஏறி உக்காரு. நான் கை காட்டுனதும் சாவியத் திருப்பு. ஆக்சிலேட்டர்ல கால வச்சிடாத."

ஸ்குரூடிரைவரை செயின் இருக்கும் பக்கத்து மூடியில் ஊன்றி, பிடியை இடது காதில் அழுத்தினார். தங்கச்சி எதிரே, முகப்பு விளக்கின் பக்கம் நின்றாள். வங்கிக்காரர் கண்ணாடியில் இல்லாத ஒரு கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் கையைக் காட்டினார்.

என்ஜின் உயிர்பெற்றது. தாடை எலும்பு வழியாக ஒரு தடித்த முழக்கம் மண்டைக்குள் வந்து நிரம்பியது. கிணற்றுக்குள் முங்கிக்கொண்டு மேலே யாரோ பேசுவதைக் கேட்பது போல. முழக்கம் சீராக இருந்தது, திக்கவில்லை, திணறவில்லை. ஆனால் அதற்குமேலே, முன்பெல்லாம் சின்னச் சின்னச் சத்தங்கள் நடமாடிக்கொண்டிருக்கும் அந்த மேல்தளம், பூட்டிக் கிடந்தது. பிடியை இன்னும் அழுத்தினார். காதுமடல் நசுங்கி வலித்ததுதான் மிச்சம்.

கண்ணைத் திறந்தபோது தங்கச்சியின் புருவம் சுருங்கியிருந்தது. அவள் உதடு அசைந்ததைப் பார்த்துக்கொண்டே அவள் பேச்சைக் காதில் வாங்கினார்.

"அண்ணா, ஏதோ கிலுகிலுன்னு வருதே? சங்கிலியத் தட்டுல போட்டு உலுக்குற மாதிரி?"

ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எவ்வளவு நேரம் வந்தது, நின்றுவிட்டதா, இன்னும் வருகிறதா. கண்மூடித் திறப்பதற்குள் நின்றால் ஒன்றுமில்லை. அதைத் தாண்டி இழுத்தால் செயின் போகப்போகிறது, அதோடு என்ஜினும் என்று அர்த்தம். ஆனால் அந்தக் கேள்வியை, காதில் ஸ்குரூடிரைவரை வைத்துக்கொண்டு நிற்கிற மனிதன் வெறும் காதோடு நிற்கிறவளிடம் எப்படிக் கேட்பது? மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தான். வங்கிக்காரரின் துணி கண்ணாடிமேல் நின்றுவிட்டது.

"ஆறின என்ஜின் கொஞ்சம் முனகத்தான் செய்யும்," என்றார் மெக்கானிக். "எண்ணெய் மேல ஏறுற வரைக்கும் அப்படித்தான்."

சொன்னது பொய்யில்லை. ஆயிரம் என்ஜினுக்குப் பொருந்துகிற மெய். இந்த என்ஜினுக்குப் பொருந்துமா என்பதுதான் அவருக்குத் தெரியாது.

தங்கச்சி தேவைக்கு மேலே ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணா," என்றாள்.

"மச்சான் காதுக்கு மேல ஒரு காது இருக்கா?" என்றான் மாப்பிள்ளை. துணி மறுபடி கண்ணாடிமேல் ஓட ஆரம்பித்தது.

ஓட்டிப் பார்க்க அவரே உட்கார்ந்தார். கடைத்தெரு நெரிசலில் நின்று நின்று நகர்த்தினார். மேம்பாலத்தில் ஏற்றினார். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்தார். நெடுஞ்சாலையில் திடீரென்று மிதித்தார். கியர்பாக்ஸ் நன்றாகச் சூடேறியபிறகு மண்மேடு ஒன்றில் ரிவர்ஸில் ஏற்றினார். இதற்குக் காது வேண்டாம். தொடையும் முதுகும் போதும். எந்த கியர் எப்போது மாறியது என்று இடுப்புக்கே தெரியாதபடி வழுவழுவென்று போனது வண்டி. ஒரு உதறல் கிடையாது, ஒரு தயக்கம் கிடையாது. அவருக்குச் சந்தோஷம் பொங்கியது, அளவுக்கு அதிகமாகவே.

"தங்கம்யா! கியர்பாக்ஸுன்னா இது கியர்பாக்ஸ்! வெண்ணெய்ல கத்தி போற மாதிரி இருக்குல்ல?"

"அப்ப என்ஜின்?" என்றான் மாப்பிள்ளை.

"இழுவையப் பாத்தேல்ல? புகை இல்ல, நடுக்கம் இல்ல."

"பாத்தேன் மச்சான். நீங்க சொல்லணும்ல."

அவர் அடுத்த சந்தில் வண்டியை ஓரங்கட்டி அணைத்தார். மறுபடி முடுக்கினார். அணைத்தார். முடுக்கினார். என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது, எண்ணெய் மூலைமுடுக்கெல்லாம் அப்பியிருந்தது. இப்போது எந்தக் காதுக்கும் அது எதையும் சொல்லாது. ஆற வேண்டுமென்றால் ஒரு ராத்திரி ஆகும். தலைக்கு முன்னாலிருந்த கண்ணாடியில் பின்சீட்டிலிருந்த தங்கச்சியின் முகம் தெரிந்தது. அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், சாவியைத் திருப்பித் திருப்பி விடுகிற கையை.

"என்ன மச்சான், என்ன பாக்குறீங்க?"

"ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டர் எப்படின்னு."

திரும்பி வந்ததும், நாளைக்குக் காலையில் இன்னொரு தடவை வந்து பார்க்கட்டுமா என்று ஒப்புக்குக் கேட்டுவைத்தார். வங்கிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியானம் இன்னொரு பார்ட்டி வராங்க தம்பி. காதுன்னு ஒருத்தர் வராரு, அவரு பாத்து வேண்டாம்னாதான் உங்களுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க பேரு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு." அவர் பெருமையாகத்தான் சொன்னார். மெக்கானிக்கின் கழுத்தில் கயிறு விழுந்தது போல இருந்தது.

மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தான். முதுகை நிமிர்த்த முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து, காரின்மேல் கையை ஊன்றி நின்றிருந்தான். அந்தக் கை ஏற்கெனவே அது தன்னுடைய கார் என்பதுபோல இருந்தது. "மச்சான், உங்க வார்த்ததான். ஆம்னா ஆம். இல்லன்னா இப்படியே பஸ் ஏறிடுவோம்."

அவர் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தார். சொல்லிவிட வேண்டும் என்றுகூட நினைத்தார். அவள் செருப்பில் ஒட்டிய மண்ணைப் படியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கலாம்," என்றார்.

மறுநாள் பட்டறையைத் திறக்கப் போன கால்கள் தாமாகத் தங்கச்சி வீட்டுத் தெருவில் திரும்பின. இரவு முழுக்கத் தோளும் உறங்கவில்லை, அவரும் உறங்கவில்லை. வண்டி வாசலில் பனியில் நனைந்து நின்றது. மாப்பிள்ளை புதுச்சட்டை போட்டு, முதுகுக்குப் பட்டை கட்டி, முதல் சவாரிக்குத் தயாராக இருந்தான். அவரைக் கண்டதும் பல்லெல்லாம் தெரிந்தது. "வழியனுப்ப வந்துட்டாரு பாரு! பெத்தவங்களே வரல, மச்சான் வந்துட்டாரு!"

"பானட்டத் திற. எண்ணெய் அளவு பாக்கணும்," என்றார்.

தங்கச்சி வாசலுக்கு வந்தாள். வந்தவள் அவருக்கு வலதுபக்கம் இருந்த படியில் நிற்காமல், வண்டியைச் சுற்றி வந்து, சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உடம்பை நுழைத்து, அவருடைய இடதுபக்கத்தில் நின்றாள். சேலை பம்பரில் அழுக்கானது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேற்று சாலையில் சுற்றி வந்தது. அதற்கு முன்னால் வீட்டில், பட்டறையில், பஸ்ஸில், எப்போதும் இடதுபக்கம். எத்தனை நாளாக? நேற்று அந்த வாசலில் அவள் கேட்டபோதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அவர் பதில் சொன்ன விதத்தைப் பார்த்துவிட்டு, புருஷன் எதிரில், வெளியாள் எதிரில் அண்ணனின் முகம் கெடக்கூடாதென்று வீட்டிலிருந்த மொத்தத்தையும் தூக்கி அந்த வண்டியில் வைத்துவிட்டு, 'சரிண்ணா' என்றிருக்கிறாள்.

ஸ்குரூடிரைவர் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஆறின மூடியின்மேல் வெறும் உள்ளங்கையை வைத்தார்.

"போடட்டுமா மச்சான்?" உள்ளேயிருந்து மாப்பிள்ளை கத்தினான்.

"போடு."

உள்ளங்கைக்குக் கீழே இரும்பு அதிர்ந்தது. அவர் என்ஜினைப் பார்க்கவில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். அவள் புருவம் சுருங்கியது. சுருங்கியது அப்படியே நின்றது. விரியக் காத்திருந்தார், கண்மூடித் திறக்கிற நேரம் தாண்டிவிட்டது, கைக்கு அடியில் சூடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவளும் வண்டியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். நேற்று கேட்டதை இன்றைக்கு அவள் கேட்கவில்லை. கேட்டவளுக்கு அவர்தான் இன்னும் பதில் பாக்கி வைத்திருந்தார். 'எனக்குக் கேக்கலம்மா' என்ற பதில்.