சத்தத்தின் வகை

"போய் என்னன்னு கேளுங்களேன்" என்றாள் மனைவி.

கடிகார சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலை ஆறு நாற்பத்திரண்டு. விடைத்தாள் கட்டை ஒதுக்கிவிட்டு, நகரசபை கொடுத்த பதிவேட்டில் எழுதினார்: 'ஆண் குரல், அதட்டல். பாத்திரம் விழும் சத்தம். பெண் அழுகை.' சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை ஓயும்வரை காத்திருந்து, முடிந்த நேரத்தையும் குறித்தார். ஏழு நான்கு.

"கேட்கப் போனா நாமளும் சண்டைக்காரங்க ஆயிடுவோம். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு" என்றார்.

முறை என்று வந்துவிட்டால் அவர் புலி. கணக்கு வாத்தியார், பள்ளிக்கூட மணி அரை நிமிடம் தாமதமானாலும் பியூனைக் கூப்பிட்டு விசாரிப்பவர். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அடுத்த வீட்டுச் சத்தம் தாங்காமல் நகரசபையின் புகார்ப் பிரிவுக்குப் போனபோது ஒரு படிவம் நீட்டினார்கள். குப்பை, நாய், வாகனம், சத்தம் என்று நான்கு கட்டங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சத்தத்தில் டிக் போட்டார். பதினான்கு நாள் பதிவேடு எழுதி வரச் சொன்னார்கள். அதன் கடைசிப் பத்தி 'உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு'. அதில் நாள் தவறாமல் 'விடைத்தாள் திருத்த இயலவில்லை' என்று எழுதினார். எழுதும்போது ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அதைத்தான் பிற்பாடு அவரால் மறக்க முடியவில்லை.

பதிவேட்டைப் புரட்டிய பெண் அலுவலர் அசந்துபோனார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா ஒருத்தரும் எழுதிக் குடுத்ததில்ல சார். கட்டாயம் நடவடிக்கை உண்டு."

சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை இரண்டு தரம் சொன்னார். அவள் "சரி" என்றதோடு சரி.

ஒரே வாரத்தில் நோட்டீஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு அடுத்த வீட்டிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. சார் மூன்று கட்டு விடைத்தாள் திருத்தி முடித்தார்.

நான்காம் நாள் மாடிப்படியில் அடுத்த வீட்டுக்காரன் எதிர்ப்பட்டான். லிப்ட் மெக்கானிக். மடிப்புக் கலையாத சட்டை, பார்க்கிறவர்க்கெல்லாம் ஒரு வணக்கம், அந்த நகரசபைக் குடியிருப்பு முழுக்க நல்ல பேர். சண்டைக்கு வரப்போகிறான் என்று சார் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவன் சிரித்தான்.

"நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல சார். சொல்லப் போனா உங்களுக்கு நன்றிதான் சொல்லணும். வீடு என் பொண்டாட்டி பேர்ல இருக்கு, நோட்டீஸும் அவ பேருக்குத்தான் வந்துச்சு. இன்னொரு தடவ சத்தம் வந்தா வீட்டையே ரத்து பண்ணிருவாங்களாம். இப்ப என்ன பண்ணாலும் வாயே தொறக்கறதில்ல!"

அன்று மாலை சார் விடைத்தாளைத் தொடவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தொம், தொம் என்று மெத்தையைத் தட்டுவது போலக் கேட்டது. வேறெதுவும் இல்லை.

மறுநாள், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, அவன் வேலைக்குப் போன பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அவன் மனைவி பாதிக் கதவைத் திறந்தாள். பேக்கரியில் பில் போடுகிறவள், வேலைக்குப் போகவில்லை. கீழுதடு வீங்கிக் கருத்திருந்தது.

"மன்னிச்சிருங்க சார். இனிமே சத்தம் வராது" என்றாள், அவர் வாயைத் திறக்கும் முன்பே.

"அதுக்கு வரலம்மா. நான்... சத்தம்னு மட்டும் நெனச்சு..."

"சத்தம்னு மட்டுமா சார் நெனச்சீங்க?" குரலில் கோபம்கூட இல்லை. "எங்க படுக்கையறை அந்தக் கோடியில இருக்கு. அங்கேருந்து ஓடி வந்து உங்க சுவரோரமாதான் அழுவேன். வாத்தியார் வீடாச்சே, ஒரு நாளாவது வந்து கதவத் தட்ட மாட்டாங்களான்னு."

சாருக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த இருபத்திரண்டு நிமிடமும் அவள் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மணி பார்த்திருக்கிறார். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. வெட்கங்கெட்ட ஜென்மம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே நகரசபைக்கு ஓடினார்.

"அந்த நோட்டீஸ வாபஸ் வாங்குங்கம்மா. அவன் அவள அடிக்கிறான். சத்தம் வராம அடிக்கிறான்."

"அதெப்படி சார் வாபஸ் வாங்க முடியும்? உங்க கையெழுத்துப் போட்ட ஆதாரம் பதினாலு நாளுக்கு இருக்கே" என்றார் அலுவலர். "உங்க புகார் தீர்ந்துடுச்சுன்னு மேல அனுப்பியாச்சு. அடிக்கிறதெல்லாம் நம்ம பிரிவுல வராது. சத்தமே இல்லைன்னு புகார் எழுதக் கட்டமும் கெடையாது."

அன்று மாலை மறுபடியும் தொம் என்றது. சார் எழுந்து போனார். இரண்டு கையாலும் அந்தக் கதவைக் குத்தினார். "கதவத் தொறடா! அவ மேல கை வைக்காத!" வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. பின்னாலேயே மனைவி வந்து நின்று அவரை விடப் பெரிய குரலில் கத்தினாள். திறந்த கதவுகளில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்கள். பிறகு அது வாடிக்கையாயிற்று. தொம் என்றால் சார் வெளியே வந்துவிடுவார். இரண்டாம் வாரம், உள்ளேயிருந்து அவள் குரலும் எழுந்தது. "தட்டுங்க சார், விடாதீங்க!"

மூன்றாம் வாரம் நோட்டீஸ் சாருக்கே வந்தது. அண்டை வீட்டாரின் அமைதியைக் குலைப்பதாக ஐந்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். விசாரணைக்குப் போனார். அதே அலுவலர் ஒரு தாளை முன்னால் வைத்தார்.

"இனி சத்தம் போட மாட்டேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் சார்."

கதவு திறந்தது. லிப்ட் மெக்கானிக்கின் மனைவி உள்ளே வந்து சாருக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் முகத்தை நேரே பார்க்கிற தைரியம் இன்னும் வரவில்லை.

"நானுந்தான் கத்தினேன். என் பேரையும் சேர்த்து எழுதிக்கோங்க" என்றாள் அவள். "வீட்டப் பறிக்கிறதா இருந்தா, எதுக்குக் கத்தினேன்னும் எழுதிட்டுப் பறிங்க."