சிவப்புக் கல்லும் தோள் துண்டும்

கேன்டீனம்மாவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அன்று காலை சமையலறையில் கரண்டியும் மூடியும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. காரணம், பெற்ற மகன்தான்.

"குட்டி தவழ ஆரம்பிச்சாச்சும்மா. இந்தக் கல்லெல்லாம் ஞாயித்துக்கிழமையோட வெளியே போகணும். சுரங்கத்துக் கல்லு, எதுல என்ன விஷமோ!" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு பஸ் டெப்போவுக்குக் கிளம்பிவிட்டான். மெக்கானிக். முழங்கை வரைக்கும் கிரீஸோடு வீட்டுக்கு வருகிறவன் விஷத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டான்!

இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்துக் கேன்டீனில் சமைத்தவள் அவள். ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் தட்டை நீட்டும்போதே சட்டைப்பையிலிருந்து ஒரு கல்லையும் எடுத்து நீட்டுவார்கள். "அக்கா, இன்னிக்கு இது கிடைச்சுது." அப்படிச் சேர்ந்தவை நூற்று எண்பத்து மூன்று. முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்து, கொடுத்தவரின் பட்டப்பெயரையும் தேதியையும் துண்டுச் சீட்டில் எழுதியிருந்தாள். அதில் மகாராணி, சிவப்புக் கல். அவள் வேலையை விட்ட அன்று, சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் வெடிக்காரர் கொடுத்தது. கிழக்கு ஜன்னலில் வைத்திருந்தாள். காலை வெயில் பட்டால் என்ன ஒரு சிவப்பு! பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

மருமகள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். "தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணொண்ணா பார்க்கறேன் அத்தை. எதை வெச்சுக்கலாம்னு அப்புறம் பேசுவோம்" என்றாள். புருஷன் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னதை இவள் நாசூக்காக முடித்து வைக்கப் போகிறாள், அவ்வளவுதான் என்று கேன்டீனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதும் மருமகள் மேஜையில் வெள்ளைத்தாள் விரித்தாள். கையுறை, முகக்கவசம், ஈரப் பஞ்சு. ஒரு கல்லை எடுப்பாள், தாளின்மேல் மெல்லத் தட்டுவாள், ஏதாவது உதிர்ந்ததா என்று குனிந்து பார்ப்பாள், பஞ்சால் ஒற்றுவாள், பஞ்சையும் பார்ப்பாள். அடுத்த கல்லுக்குப் புதுத்தாள், புதுப்பஞ்சு. அவசரமே இல்லை. சீட்டில் இருந்த பட்டப்பெயரைக்கூட விடாமல் படித்தாள்.

"விஷம் கல்லுல இருக்கறது ஒரு பக்கம் அத்தை. அது நம்ம வாய்க்கு எந்த வழியா வரும்னு பார்க்கறதுதான் என் வேலை."

வெள்ளிபோல மின்னும் கனத்த கல்லை எடுத்தாள். "இது ஈயம். உரசினா கறுப்பா ஒட்டுது. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில இருக்கட்டும். தொட்டா கை கழுவணும்." நீலக் கல்லில் பஞ்சு வைத்ததும் பஞ்சே நீலமானது. "மயில்துத்தம். தண்ணியில கரையும். பாட்டில்ல போட்டு இறுக்க மூடி, பரண்ல." பஞ்சு பஞ்சாக நார் பிரிந்த ஒன்றைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈரத்துணி போர்த்தி இரண்டு பைகளுக்குள் கட்டினாள். "ஆஸ்பெஸ்டாஸ். இது மட்டும் வீட்டுல வேணாம்."

"அடுத்தது உப்புக்கல்லு. அதுக்கெல்லாம் பஞ்சை வீணாக்காதே" என்றாள் கேன்டீனம்மா.

"உப்புன்னு எப்படித் தெரியும்?"

"நக்கிப் பார்த்தேன்."

மருமகளின் கை நின்றது. "எத்தனை கல்லை நக்கியிருக்கீங்க?"

"ஒரு... நாலஞ்சு. சமையல்காரி நாக்கும்மா, சும்மா இருக்குமா?"

மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கேன்டீனம்மாவும் சிரித்துவிட்டாள். மதியத்துக்குள் நூற்று எழுபது கல்லுக்கு மேல் பிழைத்துவிட்டது. அடி சக்கை, என்ன பொண்ணுடா இவ! இவளிடம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டோமே என்று வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஜன்னல். சிவப்புக் கல்லைத் தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. தூக்கியதுமே அடியில் மஞ்சள் பொடி கிடந்தது. மருமகளின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"இதுல ஆர்சனிக் இருக்கு அத்தை. இருட்டுல வெச்சிருந்தா இப்படி ஆகாது. வெயில் பட்டா பொடிஞ்சு போகும். இந்த மஞ்சள் தினமும் விழுமா?"

"ரோட்டுத் தூசின்னு நினைச்சேன். தினமும் துடைச்சிடுவேன்."

"எதால?"

பழைய பேப்பரால என்று சொன்னால் போதும். பேச்சு அதோடு முடிந்துவிடும். கல்லெல்லாம் அட்டையிலேயே இருக்கும், மகனும் வாயைத் திறக்க மாட்டான். கேன்டீனம்மா தன் தோளைத் தொட்டாள். கேன்டீன் காலத்திலிருந்து தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். கை துடைக்க, மேஜை துடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அதன் ஓரத்தில் லேசாக மஞ்சள் படிந்திருந்தது.

"இதாலதாம்மா" என்றாள். "இதாலதான் குட்டி வாயையும் துடைப்பேன்."

மருமகள் கத்தவில்லை. துண்டை வாங்கிப் பையில் போட்டுக் கட்டினாள். சிவப்புக் கல்லைக் கறுப்பு டப்பாவில் போட்டு, வெடிக்காரர் பெயர் எழுதிய சீட்டையும் அதன்மேல் ஒட்டி, தன் வேலையிடத்துப் பெட்டகத்துக்குக் கொண்டுபோக எடுத்து வைத்தாள். ஜன்னலை மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தாள். அன்றைக்கே டாக்டரிடம் போய், குட்டிக்கும் கேன்டீனம்மாவுக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்புறம்தான் மருமகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கேன்டீனம்மாவுக்கு அது வெளியே கேட்டது.

முடிவு வர ஒன்பது நாள் ஆனது. மகன் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கேன்டீனம்மா தானாகவே எல்லா அட்டைகளையும் பெட்டியில் கட்டி வாசல் கதவோரம் அடுக்கிவிட்டாள். குட்டி தவழ்ந்து வந்து காலைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கும். இவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். குழந்தைக்கு என்ன தெரியும்? வீறிட்டு அழும். அந்த ஒன்பது நாளில் பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மருமகள் ஒரு உறையோடு வந்தாள். நேரே குட்டியைத் தூக்கி வந்து மாமியார் மடியில் உட்கார வைத்தாள்.

"குட்டிக்கு ஒண்ணுமே இல்லை அத்தை. உங்களுக்குத்தான் கொஞ்சம் ஏறியிருந்துது. இனிமே இறங்கிடும்னு டாக்டர் சொன்னார்."

கேன்டீனம்மா குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அப்ப அந்தப் பெட்டியெல்லாம்?" என்று மகன் கதவோரத்தைக் காட்டினான்.

"உள்ளே எடுத்து வைங்க" என்றாள் மருமகள். "அத்தைகிட்ட நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பொய் சொல்லியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. குட்டியை யார்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறதுன்னு எனக்கு இனிமே சந்தேகமே இல்லை."

மகன் போய் முதல் பெட்டியைத் தூக்கினான். குட்டி பாட்டியின் விரலைச் சப்பி எச்சில் வழியவிட்டது. துடைக்க வேண்டுமென்று கேன்டீனம்மாவின் கை பழக்கத்தில் தோளுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை.

மருமகள் கைப்பையிலிருந்து ஒரு புது வெள்ளைத்துண்டை எடுத்து உதறி, அந்தத் தோளில் போட்டாள்.

"இது குட்டிக்கு மட்டும்" என்றாள்.