கொசுறுச் சொட்டு

மளிகைக் கடைக்காரருக்குத் தாராளமான கை. தராசு சமமாக நின்ற பிறகும் ஒரு பிடி கொசுறு போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டில் மட்டும் அந்தத் தாராளம் செல்லாது. பதினொரு வயது மகளுக்கு உருளைக்கிழங்கைக்கூட நிறுத்துத்தான் போடவேண்டும். புரதத்தில் உள்ள ஒரு சத்தை அவள் உடம்பால் கரைக்க முடியாது. ரத்தத்தில் சேர்ந்துவிட்டால் மூளைக்கு ஆபத்து. அபூர்வமான பிறவிக் கோளாறு.

வாராவாரம் அவள் விரலைக் குத்தி, அட்டையிலுள்ள வட்டங்களில் சொட்டு வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். மூன்று மாதத்துக்கு முன் அந்த வேலையை மனைவியிடமிருந்து இவர் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து முடிவுகளில் அந்தச் சத்தின் அளவு ஏறியது. இரண்டையும் முடிச்சுப் போட மகானுபாவருக்குத் தோன்றவில்லை. மகள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று முடிவுகட்டி அலமாரியைப் பூட்டினார். நூறு கிராம் கிழங்கை மருத்துவர் ஐம்பதாக்கினார். அப்படியும் அளவு இறங்காததால், இனி அதுவும் கிடையாது என்றார்.

"நான் எடுக்கலப்பா" என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அப்போதுதான் புது அட்டை ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆய்வகத்துப் பெண் வீட்டுக்கு வந்தாள். முதலில் பழைய அட்டையில் வழக்கம்போல் செய்யச் சொன்னாள். அவர் ஒரு சொட்டு வைத்தார். கொஞ்சம் பொறுத்து, அதன் மேலேயே இன்னொன்று.

"ரெண்டாவது எதுக்குண்ணே?"

"கொசுறும்மா. உங்களுக்குக் கொறையக் கூடாதில்ல."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஒரு சொட்டுன்னு நெனச்சுதான் நாங்க கணக்குப் போடறோம். ரெண்டு விழுந்தா கூடத்தான் காட்டும். இந்தப் புது அட்டை எவ்வளவு ஊத்தினாலும் தன் அளவுக்கு மேல உறிஞ்சாது. உங்கள மாதிரி வள்ளலுங்களுக்காகத்தான் செய்யறோம்."

அடுத்த வட்டத்தில் ஒற்றைச் சொட்டு வைக்கச் சொன்னாள். பிறகு புது அட்டையிலும் வாங்கிக்கொண்டாள்.

நாலாம் நாள் முடிவு வந்தது. ஒற்றைச் சொட்டு வட்டமும் புது அட்டையும் ஒரே பதிலைத்தான் சொல்லின: மகளின் ரத்தம் சரியாகவே இருக்கிறது. பழையபடி நூறு கிராம் கொடுக்கலாம் என்றார் மருத்துவர்.

கடைக்காரருக்கு அவமானத்தில் முகம் தொங்கிப்போயிற்று. பூட்டைக் கழற்றினார். கிழங்கை வேகவைத்துத் தராசில் வைத்தார். முள் நூறில் நின்றது. பழக்கதோஷம், கை தானாக இன்னொரு துண்டை எடுத்தது.

மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அளவாப் போடுங்கப்பா. நான் என்னைக்கும் கூட எடுத்ததில்ல."