ஆளைப் பார்த்து உயரம் சொல்லும் மலை

கோஸ்யா மலையின் உயரம் ஏறுகிறவரைப் பொறுத்தது. தலைநகரிலிருந்து கருவிகளோடு அளக்க வந்தவர்களில் ஒல்லியானவர் ஒரு கணக்கும் தொந்திக்காரர் ஒரு கணக்கும் கொண்டுவந்தார்கள். கடைசியில் நடுவாக ஓர் எண்ணைப் பேசி முடித்து வரைபடத்தில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு கிண்ணம் பார்லி சூப் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். கெட்டிக்காரக் கடைக்காரர் வாடிக்கையாளரின் பாதணியைப் பார்த்து விலை சொல்வதுபோல அந்த மலையும் சொல்கிறது. மூட்டுவலிக்காரருக்குப் பாதை சுருங்கும், மார்தட்டுகிறவருக்கு நீளும். அடிவாரத்துப் போட்கமென் ஊரில் இதை யாரும் அதிசயம் என்பதில்லை, நியாயம் என்பார்கள். மரங்களில் வெள்ளைப் பொட்டு வைத்த சிவப்பு வட்டங்கள் வழிகாட்டுகின்றன. கைகாட்டிப் பலகையில் மட்டும் எத்தனை மணி நேரம் என்று எழுதுவதை நடைக் கழகம் எப்போதோ விட்டுவிட்டது. ‘ஆளைப் பொறுத்தது’ என்றுதான் இருக்கும்.

கழகத்தின் தலைவி சில்வா, தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். ஞாயிறுதோறும் பேருந்து நிறுத்தத்தில் நடையர்களை ஆடு, மாடு, நத்தை என்று மூன்று வரிசையாகப் பிரிப்பாள். ஆடுகள் ஓடுபவர்கள், மாடுகள் நின்று நின்று தின்பவர்கள், நத்தைகள் மற்ற எல்லாரும். ஆடுகளில் சிறந்தவனான பொஷ்த்யான் புதுக் காலணி போட்டுக்கொண்டு விடியற்காலையில் ஓடத் தொடங்கினால், அவன் உச்சி விடுதியை அடையும்போது நத்தைகள் அங்கே இரண்டாவது ஆப்பிள் பணியாரத்தை முடித்துவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அவனுக்கு அதில் வருத்தமில்லை. நிறைய மலை கிடைத்ததே என்று மகிழ்வான்.

மலைக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பாதி வழியில் வெள்ளைக் கல் ஒன்று நிற்கிறது. அதற்குக் கீழே யாரும் யாரையும் எப்படியும் அழைக்கலாம். அதற்கு மேலே எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’தான். பாதிரியாரும் நீ, மருத்துவரும் நீ. ஸ்லோவேனிய மலைகள் எங்கும் இது வழக்கம், கோஸ்யாவில் மட்டும் சட்டம். ஒருமுறை தலைநகரத்து அமைச்சர் ஒருவர் வந்தார். கல்லைத் தாண்டியதும் அவருடைய உதவியாளர் பழக்க தோஷத்தில், “ஐயா, நீங்க பாத்து வாங்க” என்றுவிட்டார். இருவரும் அந்தி வரை மூச்சிரைக்க ஏறினார்கள். ஏற ஏற அந்தக் கல்லே எதிரே வந்து நின்றது.

அடிவாரத்து உணவகக்காரன் ஓஷ்போல்ட் போட்லோகர், விருந்தினர்கள் நிறைந்த மேசையில் ஒருநாள் பீரின் தைரியத்தில், “என் பொண்டாட்டியா? அவ மாட்டு வரிசைக்கே லாயக்கில்ல. கல்லத் தாண்டுனான்னா நான் மீசைய எடுத்துடுறேன்” என்று சொல்லிவைத்தான். அந்த மனைவி, யெரித்சா, கதவருகே தட்டோடு நின்றிருந்தாள். தட்டை வைத்தாள், சமையல் முன்கச்சையை அவிழ்த்து அவன் தோளில் போட்டாள். அதுவரை அவனை ‘நீ’ என்றே அழைத்துவந்தவள், “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், திருவாளர் போட்லோகர்” என்று சொல்லிவிட்டு, வீட்டுச் செருப்போடு மலையேறினாள். அவளுக்கு அன்று மலை கொடுத்த தள்ளுபடியைப் போல அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் கொடுத்ததில்லை. ஓஷ்போல்ட்டின் பீரில் நுரை அடங்குவதற்குள் அவள் உச்சியில் இருந்தாள். விடுதியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அவள் கீழே இறங்கவில்லை.

ஓஷ்போல்ட் மீசையை எடுத்தான். வாக்கு வாக்குதான். ஆனால் அவள் ‘நீங்க’ என்று ஆரம்பித்திருக்க, அவன் ‘நீ’ என்று முதலில் சொல்ல மாட்டான். பேரத்தில் முதலில் விலை சொன்னவன் தோற்றான் என்பது அவனுடைய அப்பன், பன்றி வியாபாரி, விட்டுப்போன ஒரே சொத்து. ஆண்டுதோறும் அவள் பெயர் கொண்ட புனிதரின் திருநாளன்று வால்நட் வைத்துச் சுருட்டிய கேக்கைத் துணியில் கட்டிக்கொண்டு ஏறுவான்; “அம்மணி, நீங்கள் அன்புகூர்ந்து வீட்டுக்கு எழுந்தருள வேண்டும்” என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போவான்; கல்லுக்கு மேலே எத்தனை நடந்தாலும் கல்லுக்கே வந்து சேருவான்; அங்கேயே உட்கார்ந்து கேக்கைத் தின்றுவிட்டு இறங்குவான். இப்படியே அவன் தொந்தி வளர்ந்தது, முழங்கால் தேய்ந்தது, மீசை திரும்ப முளைத்து நரைத்தது.

மேலே யெரித்சாவும் சும்மா இல்லை. “திருவாளர் போட்லோகர் அவங்ககிட்ட உப்பு தீந்துபோச்சுன்னு சொல்லுங்க” என்று நடையர்களிடம் சொல்லி அனுப்புவாள். ஒவ்வொரு ‘அவங்க’வுக்கும் விடுதிச் சமையலறை கொஞ்சம் நீண்டது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு அடுப்பிலிருந்து மேசைக்குச் சூப் வெதுவெதுப்பாக வந்தது, பிறகு ஆறி வந்தது, கடைசியில் மேலே ஆடை கட்டி வந்தது. நாள் முழுக்க அந்தச் சமையலறையில் நடந்தே யெரித்சாவின் கால் வீங்கியது. அந்த இலையுதிர்காலத்தோடு விடுதியை விட்டுவிட்டு, மலையின் மறுபுறமாக இறங்கி, ட்ரியெஸ்தெவில் இருக்கும் மகளிடம் போய்விடுவதாக முடிவு செய்தாள். அங்கே கடல்தான், கடல் ஆள் பார்ப்பதில்லை.

சில்வா இதை வந்து சொன்னபோது ஓஷ்போல்ட் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். பருவத்தின் கடைசி ஞாயிறன்று, கேக் எதுவும் இல்லாமல், வரிசையில் வந்து நின்றான்.

“நத்தை வரிசைல நில்லுங்க, ஓஷ்போல்ட். பின்னாடி. இன்னும் பின்னாடி” என்றாள் சில்வா.

மற்ற நத்தைகள் கல்லைத் தாண்டி மறைந்தார்கள். ஓஷ்போல்ட் ஏறினான், கல் வந்தது. மறுபடி ஏறினான், கல் வந்தது. சில்வா கல்லின் மேலேயே உட்கார்ந்து வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாய்க்குள்ள என்ன முணுமுணுக்குற? ‘நீங்கள்’ தானே?”

“மரியாதையாப் பேசுனா தப்பா?”

“இது மரியாதையா? பூட்டு. சாவியக் கையில வெச்சுக்கிட்டு ஜன்னல் வழியா ஏறப் பாக்குற. அவ மூட்டை கட்டியாச்சு, மடையா.”

ஓஷ்போல்ட் நின்றான். மேலே பைன் மரங்களுக்குள் விடுதியின் புகை தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டிருந்தது, யாரோ அடுப்பை அணைப்பதைப் போல. அவன் அப்பன் விட்டுப்போன சொத்து அந்த இடத்தில் கரைந்தது.

“யெரித்சா!” என்று கத்தினான். “ஏய் யெரித்சா! நீ மாடு இல்லடி, நான்தான் மாடு! நீ போனதுலேர்ந்து என் சாப்பாட்டுல உப்பே ஒட்டல. கேக்குதா உனக்கு?”

அடுத்த அடியை எடுத்துவைத்தான்; விடுதியின் வாசற்படி முழங்காலில் இடித்தது. வலித்த முழங்கால்தான்.

உள்ளே சமையலறையின் கோடியில், கட்டைவிரல் அளவில், யெரித்சா சூப் கிண்ணத்தோடு நின்றாள். பக்கத்தில் கட்டிய மூட்டை. “வாங்க, திருவாளர் போட்லோகர்” என்றாள். சுவர்கள் முனகின, அறை இன்னும் நீண்டது, அவள் சுண்டுவிரல் அளவானாள்.

“என் விலைய நான் சொல்லிட்டேன். மலை முழுக்கக் கேட்டுச்சு. இப்ப உன் முறை” என்றான் ஓஷ்போல்ட்.

முன்னே வந்த நத்தைகளின் சீட்டாட்டம் நின்றது. யெரித்சா கிண்ணத்தைப் பார்த்தாள். ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

“என் விலையா? இன்னொரு தடவ நாலு பேரு முன்னால என்னப் பத்தி வாயத் தொறந்தே, கரண்டியாலயே போடுவேன். சேத்துக் காலோட நிக்காத. ஷூவக் கழட்டிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு, நீ உள்ள வா.”

சமையலறை ஒரே மடக்கில் சுருங்கியது. ஓஷ்போல்ட்டின் மூக்குக்கு நேரே கிண்ணம் நின்றது. முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டான். அதைச் சொல்லவில்லை.

கோஸ்யா மலை ஏற்றத்துக்குத்தான் தள்ளுபடி தரும், இறக்கத்துக்குத் தராது. ஓஷ்போல்ட்டின் முழங்காலோ இறக்கத்துக்கு ஆகாது. ஆகவே அவன் மேலேயே தங்கிவிட்டான். உணவகத்தைப் பொஷ்த்யான் எடுத்து நடத்துகிறான். உப்புத் தீர்ந்தால் மூட்டையோடு ஓடிவருகிறான், வந்து சேர இருட்டிவிடுகிறது. ட்ரியெஸ்தெ மகள் நத்தை வரிசையில் வந்து போகிறாள். சூப் இப்போது சூடாகவே வருகிறது. எப்போதாவது, வழக்கமாகக் கரண்டிகளைக் கழுவும் விஷயத்தில், உள்ளேயிருந்து ஒரு ‘நீங்கள்’ கேட்கும். சமையலறை ஒரு மேசை நீளம் நீளும். அப்போது விருந்தினர்கள் பேச்சை நிறுத்தாமலே எழுந்து, தங்கள் கிண்ணத்தைத் தாங்களே போய் எடுத்துவந்துவிடுவார்கள்.