மேல்வட்டைக்கு வந்த தண்ணீர்

அந்த வருஷம் மாரி மழை ஏமாற்றிவிட்டது. குளம் அரைவாசிகூட நிரம்பவில்லை. அந்தக் குளத்தை நம்பித்தான் மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களும் இருந்தன. கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கான கூட்டத்தில் விவசாயிகள் ஒரு முடிவெடுத்தார்கள்: குளக்கட்டை ஒட்டிய மேல்வட்டை வயல்களை மட்டும் விதைப்பது, அங்கே காணி உள்ளவர்கள் பாதியைக் கீழ்வட்டைக்காரருக்கு இந்தப் போகம் விட்டுக்கொடுப்பது. மிச்சத் தண்ணீர் நகரத்துக்கு.

மேல்வட்டைக்காரியான கேதீஸ்வரி மறுத்துப் பேசத்தான் போயிருந்தாள். ஆனால், நகரத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் மகள் யசோதினி, கிணறு உப்பாகிவிட்டது, குழாயும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது என்று காலையில் போனில் அழுதிருந்தாள். கேதீஸ்வரி சம்மதமென்று தலையாட்டினாள்.

அவளுடைய காணியின் மேற்பாதி கீழ்வட்டைக்காரரான நல்லரத்தினத்துக்கு விழுந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. போன வருஷம் அவருடைய மாடுகள் அவள் பயிரை மேய்ந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வரம்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், முகம் பாராமலே விதைத்தார்கள்.

கதிர் தள்ளும் நேரம், ஓர் இரவு கடைசித் தண்ணீர் திறந்தார்கள். மறுநாள் மாலையில் குளத்துத் துருசு மதகைப் பூட்டிவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள். காலையில் கேதீஸ்வரி வந்து பார்த்தால் வாய்க்காலில் வெறும் சேறு. நல்லரத்தினம் மேலே மறித்துவிட்டார் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவருடைய பாதியும் காய்ந்துதான் கிடந்தது. வாய்க்கால் கரையோடு இன்னும் மேலே நடந்தாள்.

குளத்துப் பக்கம் வாய்க்கால் கரை உடைந்து, தண்ணீர் காட்டுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. நல்லரத்தினம் இடுப்பளவு சேற்றில் நின்று, உடைப்பை முதுகால் மறித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"விடியமுதல் வந்தனான். நான் விலகினா மிச்சக் கரையும் போயிரும், புள்ள. மண்ண வெட்டிப் போடு."

அவள் வெட்டினாள். அவர் கொண்டுவந்திருந்த உரப்பைகளில் மண் நிரப்பி அடுக்கினாள். கை கொப்பளித்த பிறகு தண்ணீர் மெல்லத் திரும்பி வாய்க்காலில் ஏறியது.

"உங்கட பக்கம் முதல்ல பாயட்டும், அண்ணன்."

"இல்ல, ரெண்டுக்கும் திறந்து விடு. தண்ணி காணும், போதும்."

கடைசி வரம்பும் நனைந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவள், பொழுதுபடும்வரை எழும்பவில்லை.

ஐப்பசி மழை விழும்வரை நகரத்துக்குக் குளம் தாக்குப்பிடித்தது. இரண்டு பாதியும் விளைந்தன. கொட்டிக் கிடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் சோற்றுக்குக் காணும்.